வெயில்பாய்

மன்னாரில் விருந்தாளியின் முன்னால் சாப்பாட்டுக் கோப்பையை வைத்தால், என்ன கறி என்றுதான் எவரும் முதலில் பார்ப்பார்கள். மிஸ் கோப்பையைத் தூக்கிப் பார்ப்பார். உள்ளங்கையில் ஏந்தி, மெல்ல ஏற்றி இறக்கி, மனதுக்குள் ஏதோ கணக்கை முடித்துக்கொண்டு, அதன் பிறகுதான் கதிரையை இழுத்து உட்காருவார். முதல் நாள் இதைக் கண்ட என் மனைவி பெனடிக்ரா குசினிக்குள் ஓடிவந்து, “இஞ்சருங்கோ, அந்த மிஸ் என்ர புட்டை நிறுக்கிறா” என்றாள். குறைத்து வைத்துவிட்டோம் என்ற பயத்தில் இன்னொரு கோப்பையில் மேலும் ஒரு குழல் புட்டு கொண்டுபோய் வைத்தாள். மிஸ் அந்தக் கோப்பையையும் தூக்கிப் பார்த்தார்.

அவருடைய பெயரை நான் இதில் எழுதவில்லை. மறந்துபோனதால் அல்ல, அதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் படித்த பெண்களை மிஸ் என்று கூப்பிடுவது வழக்கம். இவர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் அல்ல, விமானம் செய்கிறவர்.

தாழ்வுபாட்டுக் கடற்கரையோடு எங்களுக்கு மூன்று அறைகள் கொண்ட ஒரு விடுதி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னர், சோளகக் காற்று ஓய்ந்திருந்த நாட்களில், நீளமான பெட்டிகள் ஏற்றிய ஒரு வாகனத்தில் மிஸ் வந்து இறங்கினார். கூடவே இரண்டு பொறியியலாளர்கள். பெட்டிக்குள் இருந்தது ஆள் ஏறாத ஒரு சிறிய விமானம். சிறகுகளைப் பூட்டினால் என் மைத்துனன் அன்ரனின் படகளவு நீளம். தூக்கினால் ஒரு கைக்குழந்தையின் பாரம். பெற்றோல் வேண்டாம், வெயில் போதும். அது வானத்தில் வட்டமிட்டுக்கொண்டு நின்றால், கரையிலுள்ள கோபுரம் எட்டாத தூரத்தில் தொழில் செய்கிற படகுகளுக்கும் போன் சிக்னல் கிடைக்கும் என்றார்கள்.

இந்தக் கடைசி வசனத்தைக் கேட்டதும் பெனடிக்ரா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள். அன்ரன் அவளுடைய ஒரே தம்பி. ஒருமுறை இயந்திரம் பழுதாகி, சிக்னலும் இல்லாமல், நீரோட்டத்தோடு இழுபட்டு இந்தியக் கரையில் போய் ஒதுங்கி, அங்கே சிறையில் இருந்து திரும்பியவன். அவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் இவள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்த நாட்களை நான் மறக்கவில்லை. திரும்பி வந்தவன் கொஞ்சம் ஓய்ந்து இருந்துவிட்டு மறுபடியும் கடலுக்குப் போகத் தொடங்கினான். வேறென்ன செய்வான்?

கொழும்பிலிருந்து மூன்று அதிகாரிகள் வரவிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் விமானம் சூரியன் ஏறியதிலிருந்து விழும் வரைக்கும் இறங்காமல் நிற்கவேண்டும். நின்றால் பெரிய விமானம் செய்ய அனுமதி கிடைக்கும். விழுந்தால் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். இதை மிஸ் எங்களுக்கு ஒளிக்காமல் சொன்னார்.

அவருடைய வாயில் எப்போதும் ஒரு கேள்வி இருக்கும்: “இது தேவையோ?” பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக வெட்டி வைத்திருந்தார். தேநீர்ப் பையின் நூலையும் காகிதத்தையும் பிய்த்துவிட்டுத்தான் சுடுநீரில் போடுவார். கையில் காப்பு இல்லை, மணிக்கூடு இல்லை. விமானத்துக்குள் ஓடுகிற வயர் ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்து “இது தேவையோ?” என்று கேட்டு, பொறியியலாளர்கள் இருவரும் பதில் சொல்லத் தடுமாறினால் உடனே வெட்டிவிடுவார். ஒருநாள் என் வயிற்றையும் அவர் ஒரு கணம் பார்த்தார். நான் அவர் வாய் திறக்கும் முன்னரே குசினிப் பக்கம் போய்விட்டேன்.

ஆனால் அந்தச் சிறகின் மேல்தோலை அவர் விரித்துக் காட்டிய நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்புத்தான். கூரையில் பூட்டுகிற கண்ணாடிச் சூரியத் தகட்டை நானும் கண்டிருக்கிறேன். இரண்டு பேர் பிடித்துத் தூக்கவேண்டும். மிஸ் ஒரு குழாய்க்குள்ளிருந்து கறுப்பாக ஏதோ ஒரு சுருளை இழுத்தார். அது சரசரவென்று விரிந்து மேசை முழுவதும் கிடந்தது. காகிதத்தை விட மெல்லியது. சிறகு வளைந்தால் அதுவும் வளையும், நிமிர்ந்தால் நிமிரும். விரல் நுனியால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நான் தொட்டேன். பெனடிக்ரா கையைச் சீலையில் துடைத்துவிட்டுத் தொட்டாள்.

“பாய் மாதிரிச் சுருளுது மிஸ்.”

“ஓம் அக்கா. வெயில்பாய் எண்டு வைப்பம்.”

“படகில கட்டுறதும் பாய்தான்” என்றேன் நான். “நாங்கள் இந்தியாவில மண்டபம் முகாமில அகதியா இருக்கேக்க, அங்கத்தைய சனம் உங்கட ஆக்களையும் பாய் எண்டுதான் கூப்பிடும்.”

மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய பூர்வீகம் எருக்கலம்பிட்டி, வளர்ந்தது புத்தளத்தில். “படுக்கிறது ஒண்டு, படகை இழுக்கிறது ஒண்டு, பள்ளிவாசலுக்குப் போறது ஒண்டு. இது நாலாவது” என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வெயில்பாய்.

இதே மாதிரிப் படலம்தான் விண்வெளிக்கும் போகிறது என்றார். ரொக்கெற்றில் ஏறும்போது சுருட்டிக்கொண்டு போய், மேலே போனதும் விரிப்பார்களாம். ஒவ்வொரு கிராமையும் மேலே தள்ள எவ்வளவோ எரிபொருள் வேண்டும். அதனால் அங்கேயும் பாரம்தான் பெரிய பிரச்சினையாம். “அங்கயும் பாய் விரிச்சிருக்கினமோ?” என்று கேட்டுவிட்டு, கழுவிக்கொண்டிருந்த மீனோடு பெனடிக்ரா வானத்தை அண்ணாந்து பார்த்தாள். அங்கே உப்பும் ஈரமும் இல்லை, ஆனால் நிழலுக்குள் போனால் கொடிய குளிர், வெயிலுக்கு வந்தால் கொடிய சூடு, அது வேறு பாடு என்று மிஸ் விளக்கினார். தெரியாத இடத்தில் “அது எனக்குத் தெரியாது அக்கா, நானும் அதைத்தான் தேடுறன்” என்று சொல்லிவிடுவார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

முதல் ஓட்டம் பறப்பதற்கு முன்னரே கெட்டது. அதற்கு முந்தின நாள் பற்றரி நிறையட்டும் என்று சிறகுகளை முற்றத்தில் வைத்துவிட்டு, நேவிக்காரரிடம் அனுமதி எடுக்க மூவரும் பட்டினத்துக்குப் போனார்கள். பெனடிக்ரா வெளியே வந்து பார்த்தாள். நடு வெயில். இவ்வளவு அருமையான சாமானை இப்படி எரிய விட்டுவிட்டுப் போய்விட்டார்களே என்று அவளுக்குப் பதைத்தது. எங்கள் கரையில் வெயிலில் விட்ட எதுவும் உருப்படாது. படகின் பலகை வெடிக்கும், கயிறு இற்றுப்போகும், இயந்திரத்துக்கே ஓலையால் நிழல் கட்டுவோம். அவள் அடுக்கியிருந்த கிடுகுகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து, தென்னோலை மணக்க மணக்க, இரண்டு சிறகையும் ஒரு பொட்டு வெயில் படாமல் மூடிவைத்தாள்.

பின்னேரம் திரும்பி வந்த பொறியியலாளர்கள் தலையில் கை வைத்தார்கள். பற்றரி அப்படியே கிடந்தது. பெனடிக்ராவுக்கு விஷயம் விளங்கியதும் முகம் செத்துப்போனது. மிஸ் ஒரு கிடுகை எடுத்து உள்ளங்கையில் ஏந்தி ஏற்றி இறக்கினார்.

“இவ்வளவு லேசா? மழையும் ஒழுகாது, என்ன?”

“ஒழுகாது மிஸ். மன்னிச்சுக்கொள்ளுங்கோ மிஸ். நான் வெயிலெண்டு...”

“அக்கா, நீங்கள் சாப்பாட்டிட்ட இருந்து பிள்ளையைக் காப்பாத்திப் போட்டியள். இது வெயிலைத்தான் தின்னுறது.”

அடுத்த நாளிலிருந்து காலமையில் முற்றத்தில் நின்று, சோறு ஊட்டுகிறவள் போல பெனடிக்ரா குரல் கொடுக்கத் தொடங்கினாள்: “மிஸ், பிள்ளைக்கு வெயில் தீத்தியாச்சோ?”

பிறகு பறந்தது. கையால் எறிந்துதான் ஏற்றுவார்கள். ஒரு பொறியியலாளர் மணலில் ஓடி வீசுவார்; அது ஒருமுறை தாழ்ந்து, பிறகு மெல்ல மெல்ல ஏறும். ஆனால் பின்னேரம் சூரியன் சாயச் சாய அது சோர்ந்துபோகும். நடுப்பகலில் பாரம் பெரிய விஷயமில்லை, வெயில் கொட்டிக் கிடக்கும். சாய்ந்த வெயிலில்தான் ஒவ்வொரு கிராமும் தன் வேலையைக் காட்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். அப்படியே நடந்தது. ஒருநாள் ஆழமில்லாத தண்ணீரில் விழுந்தது. இன்னொரு நாள், கரையில் நின்ற கழுதைக் கூட்டத்துக்கு நடுவே இறங்கி, கழுதைகள் நாலு பக்கமும் சிதறின. இரண்டு நாளும் சூரியன் இன்னும் கடலுக்கு மேலே நின்றது.

இந்த நாட்களில்தான் அந்தப் பெயர்த்தகட்டைக் கண்டேன். விமானத்தின் வயிற்றில், இரண்டு விரல் அகலத்தில், மெல்லிய அலுமினியத் தகடு ஒன்று இரண்டு சின்னத் திருகாணிகளால் பூட்டியிருந்தது. அதில் மிஸ்ஸின் பெயரும் அவருடைய தகப்பனின் பெயரும் வெட்டியிருந்தது. பாரம் குறைக்க வழி தேடிக் களைத்துப்போன ஒரு பொறியியலாளர் அதைத் தட்டிக் காட்டி, அவருடைய குரலிலேயே, “மிஸ், இது தேவையோ?” என்று பகிடி விட்டார்.

“ஓம். தேவை.”

அந்தக் குரலில் பகிடி இல்லை. பொறியியலாளர் கையை எடுத்துவிட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. பிறகு தேநீர் கொடுக்கும்போது கேட்டேன். மிஸ் சொன்னார்: “புத்தளத்தில முகாமில எங்களுக்குப் பேரில்லை அண்ணை. வந்த ஆக்கள் எண்டுதான் சொல்லுவினம். வந்த ஆக்களின்ர பிள்ளை, வந்த ஆக்களின்ர வரிசை. வாப்பா மட்டும் என்னை முழுப் பேரும் சொல்லித்தான் கூப்பிடுவார், எல்லாருக்கும் கேக்கிற மாதிரி.” எனக்கு அது நன்றாகவே விளங்கியது. மண்டபத்தில் நானும் வெறும் அகதிதான். என் பெயரைச் சொல்லி ஒரு கடைக்காரர் முதன்முதல் கூப்பிட்ட நாளில் தேவையில்லாமல் ஒரு சவர்க்காரம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதிகாரிகள் வரும் நாள் நெருங்கியது. பாரம் இன்னும் கூடத்தான். மற்றப் பொறியியலாளர் ஒரு வழி சொன்னார். வெயில்பாய்க்கு மேல் பூச்சு ஒன்று இருக்கிறது. ஈரமும் உப்புக் காற்றும் உள்ளே போகாமல் அதுதான் தடுக்கிறது. அதற்கும் பாரம் உண்டு. பூச்சில்லாத பாய் ஒரு சோடி பெட்டியில் கிடந்தது. அதைப் போட்டால் விமானம் நிச்சயமாக நிற்கும். எங்கள் கடற்காற்றில் அது கொஞ்ச நாளில் செத்துப்போகும்தான், ஆனால் அதற்குள் அதிகாரிகள் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

மிஸ் அந்தப் பூச்சில்லாத பாயைப் பெட்டியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். அவர் ‘ஓம்’ சொல்லிவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. எல்லாவற்றையும் கழற்றி எறிகிற மனுஷி அல்லவா? பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பி, சம்பந்தமில்லாத ஒரு கதையைத் தொடங்கினார்.

“தொண்ணூறில இயக்கம் எங்கட முஸ்லிம் சனத்தை ஊரை விட்டு வெளிக்கிடச் சொல்லேக்க, தூக்கக்கூடியதைத்தான் தூக்கலாம். வாப்பா என்னைத் தூக்கினவர். உம்மா என்ன தூக்கினவ தெரியுமோ? பித்தளை இடியப்ப உரல்.”

“இடியப்ப உரலோ!” என்றாள் பெனடிக்ரா.

“அதுதான். மாவில்லை, அடுப்பில்லை, போற இடம் தெரியாது. வழி முழுக்க எல்லாரும் ஏசினவை. வாப்பாவும் ஏசினவர். உம்மா கீழ வைக்கேல்லை. அங்க போய் இறங்கினால், எங்கட குடிசை வரிசையில உரல் இருந்தது உம்மாட்ட மட்டும்தான். வரிசை முழுக்க வந்து இரவல் வாங்கும். திரும்பி வரேக்க அது சும்மா வராது. உள்ளுக்க ஒரு பிடி மா இருக்கும், சில நேரம் பாதித் தேங்காய் கூட வரும்.” மிஸ் சிரித்தார். “பாரமெண்டு கழட்டுறது லேசு அக்கா. எதைக் கழட்டக் கூடாது எண்டுதான் எனக்கு இன்னும் வடிவாப் பிடிபடேல்லை. ஆனால் பூச்சைக் கழட்ட மாட்டன். ஒரு நாள் சீவிக்கிறதுக்கு இதைச் செய்யேல்லை.”

சரி, வேலை முடிந்தது, பெட்டி கட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். பெனடிக்ரா விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் வயிற்றுக்குக் கீழே, மூன்று மெல்லிய கால்களில், இறங்கும்போது உருள மூன்று சில்லுகள் இருந்தன.

“மிஸ், சில்லு தேவையோ?”

“இறங்கேக்க வேணும் அக்கா.”

“இறங்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காக நாள் முழுக்கச் சுமக்கிறதோ? கருவாடு காயேக்க மழை வந்தால் நாங்கள் என்ன செய்யிறம்? நாலு பேர் ஓடிப்போய் பாயை நாலு மூலையிலயும் பிடிச்சுத் தூக்கிக்கொண்டு ஓடுறம். வலையை விரிச்சுப் பிடிச்சால், உங்கட பிள்ளை வந்து விழாதோ?”

பொறியியலாளர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மிஸ் எழுந்து போய், பெனடிக்ராவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு உடனே விட்டுவிட்டுச் சில்லுகளைக் கழற்றப் போனார்.

வலை பிடிக்கப் பழகினோம். ஒரு மூலை நான், ஒன்று பெனடிக்ரா, மற்ற இரண்டும் பொறியியலாளர்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு அது மிதந்து வரும்போது, காற்றைப் பார்த்து நாலு பேரும் ஒரே ஓட்டமாக ஓடவேண்டும். தொடக்கத்தில் நான் இரண்டு தரம் விழுந்தேன். என் வயிற்றைப் பற்றி மிஸ் சொல்லாமல் விட்டதை பெனடிக்ரா சொன்னாள்.

அதிகாரிகள் வந்த நாள். அன்ரன் இருட்டோடு கடலுக்குப் போய்விட்டான், கோபுரச் சிக்னல் எட்டாத தூரத்துக்கு. அங்கிருந்து அவன் போன் எடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. விடியக் கருக்கலில் மிஸ் வழக்கம்போல் விமானத்தைத் தராசில் வைத்தார். எண்ணைப் பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். விமானத்தைத் திருப்பி, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் ஏதோ செய்தார். கடைசி நேரத் திருத்தம் என்று நினைத்தேன். அதன் பிறகு மூன்றாம் தரமும் வைத்துப் பார்த்துவிட்டு, “எறியுங்கோ” என்றார்.

நாள் முழுவதும் அது நின்றது. நடுப்பகல் கழிந்து, அதிகாரிகள் சாப்பிட உட்கார்ந்த நேரம், பெனடிக்ராவின் போன் அடித்தது. அவள் எடுத்துக் காதில் வைத்தாள். ஒருபோதும் குரல் வந்திராத ஒரு இடத்திலிருந்து அன்ரனின் குரல் எனக்கே கேட்டது.

“அக்கா, இண்டைக்கு என்ன கறி?”

பெனடிக்ரா சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நான்தான் போனை வாங்கி, “பாரைக் குழம்பு” என்று சொன்னேன்.

சூரியன் சாய்ந்தது. கரையில் எல்லோருடைய கண்ணும் மேலே. அது வழக்கமாகச் சோர்கிற நேரம் வந்தது, கொஞ்சம் தாழ்ந்தது, பிறகு அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. அதிகாரிகளில் ஒருவர் கையில் செருப்போடு தண்ணீருக்குள் இறங்கி நின்று பார்த்தார். சூரியன் முழுதாகக் கடலில் இறங்கியதும் மிஸ் கையை உயர்த்தினார். நாங்கள் ஓடினோம். காற்று கடைசி நேரத்தில் பக்கம் மாறியது. பெனடிக்ரா கத்த, நான்கு பேரும் திசை திரும்பி ஓட, அது ஒரு சத்தமும் இல்லாமல் வலைக்குள் வந்து படுத்தது.

கைதட்டல் எல்லாம் ஓய்ந்த பிறகுதான் பெனடிக்ரா அழத் தொடங்கினாள்.

“மிஸ், நான் உங்களுக்குச் சொல்லாமல் ஒரு வேலை செய்துபோட்டன். நேற்றுப் பின்னேரம் பிள்ளையின்ர வயித்துக்குள்ள மடு மாதாவின்ர பதக்கம் ஒண்டு நூலில கட்டி விட்டனான். அன்ரன் கடலில நிக்கிறான் எண்டு... விழுந்திருந்தால் என்னால எண்டு நான் நாள் முழுக்கச் செத்துக்கொண்டு நிண்டனான்.”

“தெரியும் அக்கா. காலமை நிறுக்கேக்கயே தெரியும்.”

“அப்ப ஏன் அதைக் கழட்டேல்லை?”

“கழட்டினனான்” என்றார் மிஸ். “வேற ஒண்டை.”

வலையில் கிடந்த விமானத்தை அவர் திருப்பிக் காட்டினார். வயிற்றில் பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள் மட்டும் இருந்தன.

மிஸ் போய்விட்டார். பெரிய விமானத்தைச் செய்துகொண்டிருக்கிறார்கள், இன்னும் முடியவில்லை. அவசரப்படுத்தினால், பூச்சு சரிவர வேண்டும் என்கிறார். இதை எழுத உட்கார்ந்தபோது அவருக்குப் போன் எடுத்து, உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

“அது தேவையோ, அண்ணை?”

பக்கத்தில் நின்ற பெனடிக்ரா போனைப் பறித்தாள்.

“ஓம். தேவை” என்றாள்.

மிஸ் சிரித்தது எனக்குக் கேட்டது. “அப்ப நீங்களே வச்சிருங்கோ அக்கா.”

ஆகவே இந்த எழுத்தில் அந்தப் பெயர் இல்லை. பின்னேரம் செபமாலை முடிந்ததும் பெனடிக்ரா அன்ரனின் பெயரைச் சொல்லி மன்றாடுவாள். அதற்கு அடுத்ததாக மிஸ்ஸின் பெயரைச் சொல்கிறாள், தகப்பனின் பெயரும் சேர்த்து முழுதாக, எல்லோருக்கும் கேட்கும்படி.